அனொரெக்ஸியா: சிகிச்சையின் வாசலில் தடுப்பவையும் துணைநிற்பவையும்

எவ்வளவு உண்டாலும் அடங்காத பசிக்கு 'யானைத்தீ' என்று பெயர் சூட்டிய மொழி தமிழ். மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை அந்நோயால் அலைந்து திரிந்து, அமுதசுரபியிலிருந்து கிடைத்த உணவால் நலம் பெறுகிறாள். முன்னே உணவும் வயிற்றிலே பசியும் இருந்தும் உண்ண முடியாமற் போகும் நோய்க்கோ நமது பேச்சுவழக்கிலே பெயர் கிடையாது. ஸ்காபரோவிலே ஒரு தமிழ் வீட்டுப் பிள்ளை நாளுக்கு நாள் மெலிந்து வருகையில் 'டயட்', 'சோதனைப் பயம்', 'வயிற்றுக் கோளாறு', 'கண்ணூறு' என்று பல சொற்கள் வந்து போகும். நோயின் பெயர் மட்டும் வரப் பிந்தும். அப்படிப் பிந்தும் மாதங்களே இந்நோயில் அதிக சேதத்தை விளைவிப்பவை. சிகிச்சையை ஆரம்பிப்பதற்கு எவை தடையாகின்றன, எவை துணைநிற்கின்றன என்பதை ரொறன்ரோத் தமிழரின் சூழலை முன்வைத்து நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் நோயும்

'அனொரெக்ஸியா' என்ற கிரேக்கச் சொல்லுக்குப் பசியின்மை என்பது பொருள். 1873ஆம் ஆண்டு இலண்டனில் வில்லியம் கல் என்பவரும் பாரிசில் சார்ல்ஸ் லசேக் என்பவரும் இந்நோயைத் தனித்தனியே விவரித்தனர். 'அனொரெக்ஸியா நெர்வோசா' என்பது கல் இட்ட பெயர். தமிழிலே 'பசியற்ற உளநோய்' என்று எழுதுகிறோம். இரண்டு பெயர்களுமே பிழையான எண்ணத்தைத் தருவன. நோயாளிகளுட் பெரும்பாலானோருக்குப் பசி உண்டு. அதை அடக்கி வைப்பதுதான் நோயின் இயல்பு.

உணவைக் குறைத்து எடையை ஆபத்தான அளவுக்கு இழத்தல், எடை கூடிவிடுமோ என்ற தீராத அச்சம், தன் உடலை உள்ளபடி காண இயலாமை ஆகியன இதன் அடையாளங்கள். பெண்பிள்ளைகளிடம் அதிகம் காணப்பட்டாலும் ஆண்பிள்ளைகளுக்கும் வரும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கைந்நூல், மாதவிடாய் நிற்றலைக் கட்டாய அடையாளங்களிலிருந்து நீக்கியது. பெருமளவு எடை இழந்தும் பார்வைக்கு மெலிந்து தோன்றாதவர்களையும் அது கணக்கில் எடுத்துக்கொண்டது. எனவே "எலும்பும் தோலுமாகத் தெரிந்தாற்தான் நோய்" என்ற எண்ணம் தவறானது. உளநோய்களுள் இறப்பு விகிதம் மிக உயர்ந்தவற்றுள் இதுவும் ஒன்று. 2011இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பொதுமக்களோடு ஒப்பிடும்போது இந்நோயாளரின் இறப்பு விகிதம் ஏறத்தாழ 6 மடங்கு எனக் கண்டது. இறந்தோரில் ஐவருக்கு ஒருவர் தற்கொலையால் மாண்டவர்.

நோயே போடும் பூட்டு

முதலாவது தடை நோய்க்குள்ளேயே இருக்கிறது. 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் ஆரோக்கியமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதங்கள் அரைப்பட்டினி உணவு கொடுத்து ஆராய்ந்தார். அவர்களோ தாமாக முன்வந்தவர்கள். உண்ணாமை நோய் எதுவும் இல்லாதவர்கள். ஆயினும் நாளடைவில் உணவையே நினைத்துக்கொண்டிருந்தனர், நண்பர்களை விட்டு விலகினர், சோர்ந்தனர், சிறு விடயங்களிற் பிடிவாதம் கொண்டனர். பட்டினி தானே சிந்தனையை மாற்றிவிடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

"அவளாக விரும்பினால் வைத்தியரிடம் போகட்டும்" என்று காத்திருக்கும் குடும்பம், பட்டினியால் வாடிய மூளையிடமே முடிவை ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கிறது. போதாக்குறைக்கு இந்நோய் ஆரம்பத்திலே ஒரு திருப்தியையும் தருகிறது. குழப்பமான வாழ்வில் ஒன்றையாவது கட்டுப்படுத்திவிட்டேன் என்ற திருப்தி அது. அதை விட்டுக்கொடுக்க மனம் இலகுவில் ஒப்பாது.

உணவுக் கோளாறு உள்ளவர்கள் உதவி நாடுவது பற்றிய 13 ஆய்வுகளை ஒருங்கே பார்த்த 2017ஆம் ஆண்டின் மீளாய்வு, வெட்கமும் அவப்பெயர் அச்சமும், நோயின் கடுமையை மறுத்தல், மாற விருப்பமின்மை, சுற்றத்தாரின் ஊக்கமின்மை, எங்கே போவது என்று தெரியாமை, செலவு போன்ற நடைமுறைச் சிக்கல்கள் ஆகியவற்றைத் தடைகளாகப் பட்டியலிட்டது. நோய் தொடங்கிச் சிகிச்சை ஆரம்பிக்கும் வரை சராசரியாக ஏறத்தாழ 30 மாதங்கள் கழிகின்றன என 2021இல் வெளியான இன்னொரு மீளாய்வு கூறுகிறது. பதின்ம வயதிலே இரண்டரை ஆண்டு என்பது எலும்பு வலுப்பெறும் காலம். உயரம் கூடும் காலம். படிப்பும் நட்பும் அமையும் காலம்.

வீட்டினுள்ளே

நமது கொண்டாட்ட மண்டபங்களிலே ஒருவரைக் கண்டதும் உடம்பைப் பற்றித்தான் முதலிற் கதைக்கிறோம். "மெலிஞ்சு வடிவாய் வந்திட்டாய்" என்ற பாராட்டு, நோயின் முதல் மாதங்களில் அதற்கு உரமாகிறது. ஆறு மாதம் கழித்து அதே வாய் "ஏன் இப்பிடி வாடிப்போனாய்?" என்று கேட்கும்போது பிள்ளை மண்டபத்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறாள்.

விரதம் இந்நோய்க்குக் காரணமல்ல. ஆனால் நல்ல மறைப்பாக அமையலாம். கந்தசஷ்டி முடிந்த பின்னரும் முடியாத விரதத்தைக் கவனிக்க வேண்டும். எதிர்ப்பக்கமும் உண்டு. கார்னர், கார்பிங்கெல் ஆகியோர் 1979இல் ரொறன்ரோவில் வெளியிட்ட உணவு மனப்பாங்கு வினாக்கொத்தை, 1989இல் வெளியான ஆய்வொன்றில் வட இந்தியப் பாடசாலை மாணவியரிடம் கொடுத்தபோது, அவர்கள் சில கேள்விகளைத் தம் பண்பாட்டுக்கேற்ப வேறு பொருளில் விளங்கிக்கொண்டனர். எண்ணிக்கையை மட்டும் பார்த்து நோயென்றோ, வழக்கமென்றோ முடிவுகட்டுவது சரியல்ல.

பெற்றோரின் வரலாறும் இதில் உண்டு. பொருளாதாரத் தடையையும் இடப்பெயர்வையும் கண்டு, பாணுக்கு வரிசையில் நின்ற தலைமுறைக்கு, குளிர்பெட்டி நிறைய உணவிருக்க உண்ண மறுக்கும் பிள்ளை நன்றிகெட்டவளாகத் தோன்றலாம். அவளோ நோயுற்றவள். இரண்டு வேலை செய்யும் பெற்றோர் வீட்டிலே இராத வேளைகளில் மதிய உணவு குப்பைக்குப் போவதும் தெரியவராது.

கடைசியாக, 'வெளியிலே தெரிந்தால்' என்ற பயம். கல்யாணம், ஊர்வாய் எல்லாம் இதில் அடங்கும். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலே உணவுக் கோளாறுச் சிகிச்சைக்கு வந்தோருள் தெற்காசியர், அங்குள்ள மக்கள்தொகையோடு ஒப்பிடக் குறைவாகவே இருந்தனர் என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. கனடாவிற் பிறந்து வளர்ந்த தெற்காசியப் பெண்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வு, பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் இடையிலான பண்பாட்டு முரணை ஆராய்ந்தது. அதன் தலைப்பே 'மௌனத்தின் சதி' என்பதாகும்.

வைத்தியரின் அறையிலே

தமிழ் பேசும் குடும்ப வைத்தியர் ஒரு பெரும் துணை. அதே வேளை, "அவர் எங்கட ஆள், கதை வெளியே போகும்" என்ற அச்சமும் உண்டு. ஒன்ராறியோவின் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயாளியின் தகவலை இரகசியமாகக் காக்க வைத்தியர் கடமைப்பட்டவர் என்பதை அறிந்திருப்பது நல்லது. தாய்க்கு ஆங்கிலம் போதாதபோது நோயுற்ற பிள்ளையே மொழிபெயர்ப்பாளராகிவிடும். தன் நோயைத் தானே குறைத்துச் சொல்லும் வாய்ப்பை அவளிடம் கொடுப்பது பிழை. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

வைத்தியரும் தவறவிடக்கூடும். ஹொங்கொங்கில் சிங் லீ என்பவர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், 70 நோயாளருள் 41 பேர் பருமனைப் பற்றிய பயத்தைச் சொல்லவேயில்லை. வயிறு ஊதுகிறது, பசிக்கவில்லை என்றே சொன்னார்கள். "வயிறு சரியில்லை" என்று மட்டும் சொல்லும் தமிழ்ப் பிள்ளை குடல் பரிசோதனைகளிலேயே மாதங்களைக் கழிக்கலாம். நாடித்துடிப்பு, படுத்தும் எழுந்தும் எடுத்த இரத்த அழுத்தம், இரத்த உப்புகள், இதயத் துடிப்புப் பதிவு ஆகியவற்றைப் பார்க்குமாறு கேளுங்கள். இரத்தப் பரிசோதனை சரியாக இருப்பது நோயில்லை என்பதற்குச் சான்றல்ல.

சட்டமும் தூரமும்

ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டு மருத்துவச் சம்மதச் சட்டம், சம்மதத்துக்குக் குறைந்தபட்ச வயது எதையும் விதிக்கவில்லை. விளங்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டென்று கருதப்படும் 15 வயதுப் பிள்ளை சிகிச்சையை மறுக்கலாம். இது பல பெற்றோருக்கு அதிர்ச்சியாக இருக்கும். அந்த ஆற்றலை நோய் குலைத்திருக்கிறதா என்பதை வைத்தியரே மதிப்பிட வேண்டும். ஆகையால் வீட்டிலே கண்டவற்றை வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

சிறுவர் மருத்துவமனையும் ரொறன்ரோ பொது மருத்துவமனையும் நகரின் நடுவே யூனிவர்சிற்றி அவெனியூவில் உள்ளன. ஸ்காபரோவிலிருந்து பேருந்தெடுத்துக் கென்னடி நிலையம் வந்து, இரண்டு சுரங்க இரயில்கள் மாறிப் போகவேண்டும். வாரந்தோறும் வேலையை விட்டுச் செல்வது இலகுவன்று. மருத்துவமனைச் சிகிச்சையை ஓகிப் காப்புறுதி ஏற்கும்; தனியார் உளவியலாளர், உணவியலாளர் கட்டணத்தை ஏற்காது. கொரோனாக் காலத்திலே கனடாவின் 6 சிறுவர் மருத்துவமனைகளில் புதிதாகக் கண்டறியப்பட்ட இந்நோயாளர் தொகை மாதம் 24.5 இலிருந்து 40.6 ஆக உயர்ந்தது. காத்திருப்போர் வரிசையும் நீண்டது. வரிசையில் நிற்கும் காலத்திலும் குடும்ப வைத்தியர் கிழமைதோறும் பார்க்கலாம்.

கதவைத் திறப்பவை

வில்லியம் கல், உறவினரே இந்நோயாளரைப் பார்த்துக்கொள்ளத் தகுதியற்றவர்கள் என்று கருதினார். குடும்பத்தார் கெஞ்சியும் மிரட்டியும் ஓய்ந்துபோவதை லசேக் எழுதினார். நூறாண்டுக்கும் மேல் பெற்றோரை ஒதுக்கி வைப்பதே முறையாயிருந்தது. 1987இல் இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையினர் 80 நோயாளரிடம் செய்த ஆய்வு இதை மாற்றியது. இளவயதில் தொடங்கி, 3 ஆண்டைத் தாண்டாத நோயில், குடும்பத்தைச் சேர்த்துச் செய்த சிகிச்சையே சிறந்த பலன் தந்தது. உணவின் பொறுப்பை முதலிற் பெற்றோர் ஏற்று, பின்னர் படிப்படியாகப் பிள்ளையிடம் கையளிக்கும் முறை இதிலிருந்து வளர்ந்தது. 2020இல் வெளியான கனடிய வழிகாட்டியும் பிள்ளைகளுக்கு இதையே வலுவாகப் பரிந்துரைக்கிறது.

ஆகவே சிகிச்சையின் முதலடியைப் பிள்ளை எடுத்து வைக்க வேண்டியதில்லை. கண்டவர் எடுத்து வைக்கலாம். எடையையும் தோற்றத்தையும் விட்டு, கண்ட மாற்றத்தைச் சொல்லுங்கள். "நீ எங்களோட மேசையில இருந்து எவ்வளவு நாளாச்சு. எனக்குப் பயமாயிருக்கு. நாளைக்கு நானும் வாறன், டொக்டரிட்டைப் போவம்." இவ்வளவு போதும். குற்றம் சாட்டல் வேண்டாம். தாயின் வளர்ப்பைக் குறைசொல்லும் உறவினர் பேச்சும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: நெடுநாள் பட்டினி கிடந்தவருக்குத் திடீரென அதிக உணவு கொடுப்பது இரத்த உப்புகளைக் குலைத்து உயிராபத்தை விளைவிக்கலாம். ஆரம்பம் வைத்தியரின் கண்காணிப்பில் அமையட்டும். மயக்கம், நெஞ்சுவலி, மிக மெதுவான நாடித்துடிப்பு, நீரும் அருந்த மறுத்தல், தற்கொலைப் பேச்சு ஆகியன கண்டால் அவசர பிரிவுக்கே போகவேண்டும்.

ரொறன்ரோவிலே 1985இல் தொடங்கப்பட்ட தேசிய உணவுக் கோளாறுத் தகவல் நிலையத்தின் தொலைபேசி இலக்கம் 1-866-633-4220. பெற்றோரும் நண்பரும் அழைக்கலாம். 1993இல் 22 வயதில் இந்நோயால் இறந்த ஷீனா என்னும் இளம்பெண்ணின் நினைவாக 1996இல் திறக்கப்பட்ட 'ஷீனாஸ் பிளேஸ்' இலவச ஆதரவுக் குழுக்களை நடத்துகிறது. அதற்கு வைத்தியரின் கடிதம் தேவையில்லை.

இந்நோயைத் தீர்க்கும் மாத்திரை எதுவும் இதுவரை இல்லை. காயசண்டிகைக்குப் போலவே இங்கும் முதல் மருந்து உணவுதான். அந்தத் தட்டின் எதிரே யாராவது ஒருவர், கோபமின்றி, தினமும் உட்கார்ந்திருக்க வேண்டும்.