ஹார்மோன் சிகிச்சையை எப்போது நிறுத்துவது, எப்படி நிறுத்துவது?

எச்.ஆர்.டி. எனப்படும் ஹார்மோன் மாற்றுச் சிகிச்சையைத் தொடங்கும்போது மருத்துவர் நிறையப் பேசுவார். நிறுத்தும் நேரத்தில் பேசுவதற்குப் பெரும்பாலும் யாரும் இருப்பதில்லை. மாத்திரை தீர்ந்ததும் மறுபடி வாங்கப் போகாமல் விட்டுவிடுவதுதான் நம் பெண்களில் பலர் கையாளும் முறை. உறவினர் வீட்டுத் திருமணத்தில் யாரோ ஒருவர் "அது புற்றுநோயைக் கொண்டுவரும்" என்று சொல்லியிருப்பார். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்திருக்கும். அல்லது "ஐந்து வருஷம் ஆச்சு, இனி போதும்" என்று தாமே முடிவு செய்திருப்பார்கள்.

கிள்ளானில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் பாதியை மட்டும் நிறுத்தினார். அவருக்குக் கையில் தடவும் ஈஸ்ட்ரோஜன் ஜெல்லும், இரவில் விழுங்கும் புரோஜெஸ்டிரோன் மாத்திரையும் கொடுத்திருந்தார்கள். மாத்திரை போட்டால் வயிறு உப்புகிறது, காலையில் தலை கனக்கிறது என்று அதை விட்டுவிட்டார். ஜெல்லை மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் தடவி வந்தார். உடம்புக்கு இதமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு நாள், மாதவிடாய் நின்று ஆறு வருடம் கழித்து, இரத்தம் பட்டது. கருப்பையின் உட்சுவர் தடித்துப் போயிருந்தது. சதைத்துணுக்கு எடுத்துப் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை என்று வந்தது. தக்க நேரத்தில் சிகிச்சையும் கிடைத்தது. "மாத்திரையை ஏன்மா நிறுத்தினீங்க?" என்று மருத்துவர் கேட்டபோது அவர் சொன்ன பதில்: "எதுக்கு அந்த மாத்திரைன்னு எனக்கு யாரும் சொல்லலையே, டாக்டர்."

எனவே அதிலிருந்தே தொடங்குவோம். சூடு பறத்தல், இரவு வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றைத் தணிப்பது ஈஸ்ட்ரோஜன். ஆனால் அது தனியாகப் போனால் கருப்பையின் உட்சுவரை வளரச் செய்யும். ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்த பெண்களிடையே கருப்பைப் புற்றுநோய் அதிகம் என்பது 1975ஆம் ஆண்டிலேயே தெரியவந்தது. அதன் பிறகுதான் கருப்பை உள்ள பெண்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமானது. ஜெல்லும் ஒட்டுப்பட்டையும் கொடுக்கும் இதத்தை இந்த மருந்து கொடுக்காது. ஆகவே பயனற்றது போலத் தோன்றும். அதன் வேலை காவல் காப்பது. கருப்பை அகற்றப்பட்டவர்களுக்குப் பொதுவாக ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். மற்றவர்கள் ஈஸ்ட்ரோஜனை உடம்புக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் வரை இந்தக் காவலை எடுக்கக் கூடாது. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் மருந்தின் வகையை மாற்றலாம். ஹார்மோன் கலந்த கருப்பை வளையத்தைப் பொருத்திக்கொள்ளவும் வழி உண்டு.

ஐந்தாண்டுக் கணக்கு

"ஐந்து வருடம்தான் எடுக்கலாம்" என்ற பேச்சு நம்மிடையே ஒரு சட்டம் போல ஆகிவிட்டது. இதற்குப் பின்னால் இருப்பது அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று. கருப்பை உள்ள 16,608 பெண்களை வைத்து நடத்தப்பட்ட அதன் ஒரு பகுதி 2002 ஜூலையில், சராசரியாக 5.2 ஆண்டுகள் கடந்த நிலையில், திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. இரண்டு ஹார்மோன்களையும் எடுத்தவர்களிடையே மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், இரத்தக்கட்டி ஆகியவை கூடியிருந்தன. செய்தி உலகம் முழுவதும் பரவியது. பல நாடுகளில் பெண்கள் மாத்திரையைக் கைவிட்டார்கள். மருத்துவர்களும் எழுதித்தர அஞ்சினார்கள்.

எவ்வளவு கூடியது என்பதைப் பலர் கேட்கவில்லை. 10,000 பெண்கள் ஓராண்டு எடுத்தால் மார்பகப் புற்றுநோய் கூடுதலாக 8 பேருக்கு, பக்கவாதம் கூடுதலாக 8 பேருக்கு. அதே கணக்கில் இடுப்பெலும்பு முறிவு 5 பேருக்கும், பெருங்குடல் புற்றுநோய் 6 பேருக்கும் குறைந்தன. அந்தப் பெண்களின் சராசரி வயது 63. நம் ஊரில் ஹார்மோன் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் 50ஐ ஒட்டியவர்கள். 60 வயதுக்கு முன்பு, அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள் தொடங்குபவர்களுக்கு நன்மை தீமைக் கணக்கு வேறு மாதிரி இருப்பதைப் பின்னர் வந்த பகுப்பாய்வுகள் காட்டின. அதே ஆய்வில் பங்கேற்ற பெண்களை 18 ஆண்டுகள் வரை கவனித்து 2017இல் வெளியிட்ட முடிவில், ஹார்மோன் எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மொத்த மரண விகிதத்தில் வேறுபாடு இல்லை.

அதற்காகப் பயமே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2019இல் வெளிவந்த மற்றொரு பெரிய தொகுப்பாய்வு, மேலை நாட்டுப் பெண்களின் தரவுகளை வைத்து இப்படிக் கணக்கிட்டது: ஹார்மோன் எடுக்காத 100 பெண்களில் ஏறக்குறைய 6 பேருக்கு 50 முதல் 69 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருகிறது. 50 வயதில் தொடங்கி ஐந்தாண்டுகள் இரண்டு ஹார்மோன்களையும் தினமும் எடுத்தால் அது 8 பேராகிறது. ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுத்தவர்களிடையே 7க்குச் சற்றுக் குறைவு. எடுக்கும் காலம் நீள நீள இந்த அபாயமும் கூடுகிறது. நிறுத்திய பின்பும் அதில் ஒரு பகுதி பத்தாண்டுகளுக்கு மேல் தங்குகிறது. ஆகவே ஐந்தாம் ஆண்டின் கடைசி நாளில் ஏதோ ஒரு கதவு மூடுகிறது என்பதில்லை. ஆண்டுதோறும் கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். 60 ஆகிவிட்டது, 65 ஆகிவிட்டது என்பதற்காக மட்டும் எல்லாரையும் நிறுத்தச் சொல்லத் தேவையில்லை என்பதே வட அமெரிக்க மாதவிடாய் நிற்றல் சங்கம் 2022இல் வெளியிட்ட நிலைப்பாடு.

தள்ளிப்போடக் கூடாதவர்கள், அவசரப்படக் கூடாதவர்கள்

மார்பகப் புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், காலிலோ நுரையீரலிலோ இரத்தக்கட்டி, கடுமையான கல்லீரல் நோய் ஆகியவற்றில் ஒன்று கண்டறியப்பட்டால் வழக்கமாக மருத்துவர் உடனே நிறுத்தச் சொல்வார். அப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. பெரிய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் நீங்கள் ஹார்மோன் எடுப்பதை அறுவை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். மாத்திரையாக விழுங்குபவர்களைச் சில வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்லக்கூடும். இரத்தக்கட்டி அபாயம் மாத்திரையில்தான் கூடுதல். தோல் வழியே போகும் ஜெல்லிலும் ஒட்டுப்பட்டையிலும் அது அந்த அளவுக்கு இல்லை. அதனால் வயது ஏறிய பிறகும் தொடர வேண்டியவர்களுக்கு, நிறுத்துவதா தொடர்வதா என்ற இரண்டுக்கும் நடுவே மாத்திரையிலிருந்து ஜெல்லுக்கு மாறுவது என்ற மூன்றாவது வழி இருக்கிறது.

மறுபக்கம், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவர்களும், இளம் வயதிலேயே இரண்டு சினைப்பைகளும் அகற்றப்பட்டவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது உடம்பு இயல்பாகவே பெற்றிருக்க வேண்டிய ஹார்மோன். ஹார்மோன் எடுக்கத் தடையாக வேறு நோய் இல்லாவிட்டால், 50 அல்லது 51 வயது வரையாவது தொடர்வதுதான் பொதுவான பரிந்துரை. 38 வயதில் தொடங்கிய பெண் 43இல் "ஐந்து வருடம் முடிந்தது" என்று நிறுத்தினால் எலும்பும் இதயமும் அதற்கு விலை கொடுக்க நேரிடும். ஐந்தாண்டுப் பேச்சு மிக அதிகக் கெடுதல் செய்வது இவர்களுக்குத்தான் என்பது என் எண்ணம்.

மெதுவாகவா, ஒரேயடியாகவா?

இரண்டும் சரியே. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டி, இதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெண்ணிடமே விடுகிறது. படிப்படியாகக் குறைத்தால் தொடக்க மாதங்களில் சூடு பறத்தல் திரும்புவது குறையலாம். நீண்டகால நோக்கில் இரண்டு முறைக்கும் வேறுபாடு இல்லை. ஒரேயடியாக நிறுத்துவதால் உடம்புக்கு ஆபத்து எதுவும் கிடையாது. ஆனால் வேலைக்குப் போகிறவர்கள், ஏற்கெனவே தூக்கம் கெட்டவர்கள் மெதுவாகக் குறைப்பதையே விரும்புகிறார்கள்.

குறைப்பது எப்படி? ஜெல் தடவுபவர் தினமும் இரண்டு அழுத்து எடுத்தால் அதை ஒன்றாக்கி இரண்டு மூன்று மாதம் பார்க்கலாம். பிறகு ஒன்று விட்டு ஒரு நாள். ஒட்டுப்பட்டை என்றால் அதற்கு அடுத்த குறைந்த அளவுக்கு மாறலாம். கேட்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள், எல்லாப் பட்டையும் வெட்டுவதற்கு ஏற்றதல்ல. மாத்திரையிலும் குறைந்த அளவு கிடைக்கும். இரண்டு ஹார்மோன்களும் தனித்தனியாக இருந்தால் குறைக்க வேண்டியது ஈஸ்ட்ரோஜனைத்தான். காவல் மருந்தை மருத்துவர் சொன்ன அளவிலேயே கடைசி வரை வைத்திருந்து, ஈஸ்ட்ரோஜனோடு சேர்த்து நிறுத்த வேண்டும்.

எந்த மாதத்தில் தொடங்குவது என்பதையும் யோசியுங்கள். மகள் திருமணம், வீடு மாறுவது, தீபாவளிப் பலகார வேலை என்று தலைக்கு மேல் வெள்ளம் போகும் மாதத்தில் வேண்டாம். நம் நாட்டில் குளிர்காலம் என்று ஒன்று இல்லை; வெயில் அடித்தால் வியர்வைக்குக் காரணம் ஹார்மோனா வெயிலா என்றே தெரியாது. இரவில் எத்தனை முறை விழித்தோம் என்று நாட்காட்டியில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மருத்துவருக்கு அதைவிட நல்ல தகவல் கிடையாது.

நிறுத்திய பெண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சூடு பறத்தல் திரும்பவும் வரும். நிறுத்திய முதல் சில வாரங்களில் வருவது பலருக்குத் தானே தணிந்துவிடும். ஆகவே முதல் இரவு வியர்த்ததும் தோற்றுப்போய்விட்டதாக நினைக்க வேண்டாம். ஓரிரு மாதம் பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் தாங்க முடியவில்லை என்றால், மருத்துவரிடம் பேசிக் குறைந்த அளவில் மீண்டும் தொடங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஹார்மோன் கூடாதவர்களுக்கு, மனச்சோர்வுக்குத் தரப்படும் சில மருந்துகள் சிறிய அளவில் சூட்டைக் குறைக்கின்றன, காபாபென்டினும் உதவும்.

காசிப் பாத்திமா, ஜாமு, நேரடி விற்பனையில் வரும் விலை உயர்ந்த பொடிகள் ஆகியவற்றை ஹார்மோனுக்கு ஈடாகச் சொல்லி விற்பவர்கள் ஏராளம். அவை அந்த வேலையைச் செய்யும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 'பிளாக் கோஹோஷ்' என்ற மூலிகையால் கல்லீரல் பாதிக்கப்பட்டதாகப் பதிவான நேர்வுகளும் உண்டு. எடுப்பதாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

நம் பெண்கள் வாய்விட்டுச் சொல்லாத தொல்லை ஒன்று உண்டு: பிறப்புறுப்பு வறட்சி, உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த்தொற்று. சூடு பறத்தல் வருடங்கள் ஓட ஓடக் குறையும். இது குறையாது, கூடும். இதற்கு உள்ளே வைக்கும் சிறிய அளவு ஈஸ்ட்ரோஜன் மாத்திரையும் களிம்பும் உண்டு. அது இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கிறது. ஆகவே மற்ற ஹார்மோனை நிறுத்திய பிறகும் இதை நீண்ட காலம் தொடரலாம். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் அதற்கான மருத்துவரைக் கேட்டே முடிவெடுக்க வேண்டும். கணவரிடம் சொல்லவே கூச்சப்படுபவர்கள் மருத்துவரிடமும் சொல்வதில்லை. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டுப் பெறலாம்.

எலும்பின் கதை வேறு. அது வலிக்காது, வியர்க்காது. ஹார்மோன் எடுத்த காலம் வரை எலும்பு காக்கப்படும். நிறுத்தியதும் தேய்மானம் மீண்டும் தொடங்கும். தாய்க்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தாலோ, உங்களுக்கே சிறிய விழுகையில் கை முறிந்திருந்தாலோ, ஸ்டீராய்டு மருந்து நீண்ட நாள் எடுத்திருந்தாலோ, நிறுத்துவதற்கு முன் எலும்பு அடர்த்திப் பரிசோதனை செய்துவிடுங்கள். அடர்த்தி குறைந்திருந்தால் அலென்ட்ரோனேட் போன்ற வேறு மருந்துக்கு மாறலாம்.

தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் தைராக்சின் தேவையைக் கூட்டியிருக்கும். அதை நிறுத்தினால் பழைய தைராய்டு அளவு அதிகமாகிப் படபடப்பு வரலாம். ஆறு முதல் எட்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நம் சமூகத்தில் நீரிழிவு அதிகம் என்பதால் அதே நாளில் சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்துவிடலாம்.

இவற்றுக்கெல்லாம் தனியார் நிபுணரைத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டிப் பேசத் தொடங்கலாம். தேவையானால் மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்கு அவர்களே கடிதம் தருவார்கள். தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியத்தின் கிளினிக்குகளிலும் விசாரிக்கலாம். போகும்போது மருந்துப் பெட்டியையே கையில் எடுத்துச் செல்லுங்கள். "வெள்ளை மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. எப்போது தொடங்கினீர்கள், கருப்பை இருக்கிறதா, கடைசி மேமோகிராம் எப்போது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஹார்மோனை நிறுத்தினாலும் மேமோகிராம் நிற்கக் கூடாது.

நிறுத்திய சில நாட்களுக்குள் சிறிது இரத்தம் படுவது சிலருக்கு நேரும். அது தொடர்ந்தாலோ, வாரங்கள் மாதங்கள் கழித்துப் புதிதாகப் பட்டாலோ, ஒரு துளியாக இருந்தாலும் அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.