ஆம்பூரைக் காட்டி மொகிலியில் ஏறியவர்

சிக்பேட்டை, அவென்யூ ரோடு பக்கம் புடவையோ பாத்திரமோ வாங்கப் போகாத அங்கத்தினர் நம்மில் இருக்க மாட்டார்கள். அந்தப் பேட்டையை முன்னிட்டு 1791-ல் இரண்டு தந்திரங்கள் நடந்தன. ஒன்று பலித்தது, மற்றது பலிக்கவில்லை. பௌதிகம் படித்தவனாகையால், ஏன் என்று கேட்கும் பழக்கம் ஓய்வு பெற்ற பின்னும் என்னை விடவில்லை.

மூன்றாம் மைசூர் யுத்தம். பிப்ரவரியில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபு வேலூருக்கு வந்தார். மைசூர் பீடபூமிக்கு ஆம்பூர் வழியாக ஏறுவார் என்றே திப்பு சுல்தான் எதிர்பார்த்தார். காரன்வாலிஸ் ஒரு சிறு படையை அந்தப் பக்கம் போக்குக் காட்ட அனுப்பிவிட்டு, பெரும் படையுடன் வடக்கே திரும்பி, சித்தூர் வழியாக மொகிலி கணவாயில் ஏறிவிட்டார். தடுக்க ஆளில்லை. கோலாரும் ஹோஸ்கோட்டேயும் எளிதில் கைமாறின. மார்ச் 5-ல் பெங்களூரை எட்டினார்.

மார்ச் 7-ல் பேட்டை பிடிபட்டது. ஆங்கிலேயர் பக்கம் லெப்டினன்ட் கர்னல் மூர்ஹவுஸ் மாண்டார். பேட்டையை மீட்க திப்புவும் ஒரு யுக்தி செய்தார். தம் படையை எதிரியின் கண்ணில் படும்படி நகர்த்திக்கொண்டே, வேறொரு பலத்த பிரிவை மறைவாகப் பேட்டைக்குள் அனுப்பினார். காரன்வாலிஸ் ஏமாறவில்லை, அங்கே காவலைப் பலப்படுத்தினார். தெருத்தெருவாக நடந்த சண்டையில் மைசூர்ப் படை பின்வாங்கியது. மார்ச் 21 இரவு கோட்டையும் விழுந்தது. கில்லேதார் பகதூர் கான் போராடி உயிர்நீத்தார். மறு ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாதி ராஜ்யத்தையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் இழந்தார். இரண்டு பிள்ளைகளைப் பிணையாக அனுப்பினார்.

திப்பு சாமர்த்தியத்தில் குறைந்தவர் அல்லர். 1780-ல் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு. பிறகு ஏன் இப்படி? எதிராளி ஏற்கெனவே நம்பியிருப்பதையே அவன் கண்முன் காட்டினால் தந்திரம் பலிக்கும். ஆம்பூரில் நடந்தது அதுதான். பேட்டையிலோ, எதிரே தெரிந்த படையைப் பார்த்தபோதும், திப்புவுக்கு உண்மையில் எது வேண்டும் என்பதைக் காரன்வாலிஸ் மறக்கவில்லை.

போலீஸ், சி.பி.ஐ. என்று வீடியோ அழைப்பில் மிரட்டி நம் வயதினரின் சேமிப்பைக் கறப்பவர்கள் செய்வதும் இதுவே. சட்டத்துக்கு அஞ்சும் நம் சுபாவம் அவர்களுக்கு ஆம்பூர். வங்கிக் கணக்கு பேட்டை. அழைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.