தவளை முட்டையும் இரண்டு கன்னடப் பெயர்களும்

கௌதள்ளியில் நேற்று நல்ல மழை. கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில் இருக்கும் ஊர், பழைய மைசூர் மாவட்டம். மாற்றலாகி வந்து இரண்டு வருடமாகிறது. வீட்டுக்குப் பின்னால் ராத்திரி முழுக்கத் தவளைக் கச்சேரி, தூக்கம் போச்சு. சித்தப்பாவுக்குச் சொல்ல வேண்டியிருந்த பதிலை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சித்தப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் இருந்துவிட்டு அமெரிக்கா போனவர். அங்கே ரத்தம் கொடுக்கப் போனால் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1980-க்கும் 1996-க்கும் இடையில் பிரிட்டனில் மொத்தம் மூன்று மாதம் இருந்தவர்களிடம் வாங்கக் கூடாது என்று விதி. பைத்திய மாட்டு நோய் பயம். நம்மவர்கள் பலருக்கு இந்த அனுபவம் இருக்கும். 2022-ல் விதியை எடுத்துவிட்டார்கள். ஆனால் உடம்புக்குள் என்னவோ ஒளிந்திருக்கிறது என்ற எண்ணம் அவரை விடவில்லை. "டேய், அந்தப் புரதம் என்னடா பண்ணும்?" என்றார். கேட்டது ஒரு பி.காமிடம்!

படித்துப் பார்த்தேன். கிருமி இல்லாமல் புரதமே தொற்றாகலாம் என்று 1982-ல் ஸ்டான்லி புரூசினர் சொல்லி, அதற்கு பிரியான் என்று பெயர் வைத்தார். நம்பாதவர்களே அதிகம். 1985-ல்தான் அந்தப் புரதத்துக்கான மரபணு ஆரோக்கியமான உடம்பிலும் இருப்பது தெரிந்தது. அதாவது வெளியிலிருந்து வந்த கொள்ளைக்காரன் இல்லை, நம்ம கேஷியரேதான் வடிவம் மாறிக் கெட்டுப் போகிறான்.

சரி, கெடாத நாளில் அவன் உட்காருமிடம் எது? சோதனைக் குழாயில் கோதுமை முளைச் சாற்றில் தயாரித்தால் புரதம் சவ்வுக்குக் குறுக்கே மாட்டிக்கொண்டு நின்றது. முயலின் ரத்த அணுச் சாற்றில் தயாரித்தால் சவ்வை முழுசாகத் தாண்டியது. கணக்கு டேலி ஆகவில்லை.

உயிருள்ள செல் ஒன்று வேண்டும். அதற்கு ஆப்பிரிக்க நகத் தவளை தயாராக இருந்தது. 1930-களில் லான்சலாட் ஹாக்பென் வழியாக அது கர்ப்பப் பரிசோதனைக்கு வந்தது. பெண்ணின் சிறுநீர்ச் சாற்றை ஊசியில் ஏற்றினால், கர்ப்பமென்றால் தவளை முட்டையிடும். அதனால் ஊர் ஊராக ஆய்வகங்களில் தவளை வளர்த்தார்கள். அதன் முதிராத முட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேல், கண்ணுக்கே தெரியும். 1971-ல் ஜான் கர்டன் குழு முயலின் ஹீமோகுளோபின் எம்ஆர்என்ஏவை அதற்குள் செலுத்தியது (ஆமாம், கொரோனா ஊசியில் வந்த அதே எம்ஆர்என்ஏ வகைதான்). முட்டை மறுபேச்சில்லாமல் முயல் புரதத்தைச் செய்தது. யார் எழுதின செக் என்று பார்க்காமல் பாஸ் பண்ணும் குமாஸ்தா :-)

1987-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஹே, புரூசினர், விஸ்வநாத் லிங்கப்பா மூவரும் அதே முட்டையில் பிரியான் புரதத்தைச் செய்யவைத்து, அதற்கு வெளியேறும் வடிவமும் உண்டு என்பதற்குச் சான்று காட்டினார்கள். பெயரைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் கிளையில் லிங்கப்பாக்களை எண்ண இரண்டு கை போதாது.

அப்படியானால் கோதுமைச் சாறு சொன்னது பொய்யா? இல்லை. 1998-ல் ராமானுஜன் ஹெக்டே (இதுவும் இந்தப் பக்கத்துப் பெயர்தான்), லிங்கப்பா, புரூசினர் குழு, குறுக்கே மாட்டிக்கொள்ளும் வடிவம் எலியில் அதிகமானால் மூளை நரம்புகள் அழிவதைக் காட்டியது. தொற்றும் பிரியான் சேராமலே அழிந்தன. பதினோரு வருடம் பிழை மாதிரித் தெரிந்த பதிவு, நிஜமான பதிவு.

காலையில் ஃபோனில் இவ்வளவும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும்டா. விதியை எடுத்தாச்சுன்னா, இப்போ என் ரத்தத்தை வாங்கிப்பாங்களா?"

"போய்க் கேளுங்க சித்தப்பா."

சனிக்கிழமை போகிறாராம்.