மேற்பொறிப்பும் பொறிப்புப் பிழையும்: ஜோகல்டெம்பிக் காசுகளை முன்வைத்து

பழங்காசுகளை விவரிக்கும் அட்டவணைகளில் 'உருவம் குழம்பியது', 'இருமுறை பொறிக்கப்பட்டது' என்னும் குறிப்புகள் அடிக்கடி இடம்பெறுகின்றன. அக்கசாலையில் நேர்ந்த பிழையும் அரசாணையால் நிகழ்ந்த மாற்றமும் இக்குறிப்புகளில் ஒன்றாகவே அடங்கிவிடுகின்றன. இதனால் வரலாற்றுச் சான்று மறைந்துவிடுதலும் உண்டு.

மகாராட்டிரத்தின் நாசிக் மாவட்டத்தைச் சேர்ந்த ஜோகல்டெம்பியில் 1906-இல் கிடைத்த புதையலில் 13,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. அனைத்தும் முதற்கண் ககராத மரபினனாகிய நகபானன் பெயரில் வெளிவந்தவை. அவற்றுள் 9,000-க்கும் மேற்பட்டவற்றின்மீது கௌதமிபுத்திர சாதகர்ணி தன் அச்சைப் பொறித்திருந்தான். நகபானன் காசின் ஒருபுறம் தலையுருவும் அதனைச் சூழக் கிரேக்க எழுத்துகளும் உள்ளன. மறுபுறம் அம்பும் வச்சிரமும், பிராமி, கரோஷ்டிப் பொறிப்புகளும் உள்ளன. சாதகர்ணியின் அச்சுகள் இவற்றின்மேல் மும்முகட்டுக் குன்றையும் உஜ்ஜயினிச் சின்னத்தையும் பதித்தன. புதிய அச்சு முழுமையாக அழுந்தாத இடங்களில் பழைய உருவின் எச்சம் தங்கிற்று. குன்றின் அருகே ஒரு மூக்கின் வளைவோ, விளிம்பில் இரண்டொரு கிரேக்க எழுத்தோ தென்படுவது இதனாலேயே.

இத்தகைய காசு, இரட்டைப் பொறிப்புப் பிழையினின்று எவ்வாறு வேறுபடும்? பிழையில் ஒரே அச்சின் உருவமே சற்று நகர்ந்து இருமுறை விழும். முதலடிக்கும் இரண்டாமடிக்கும் இடையே தகடு சுழன்றிருப்பின் இருபுறமும் அவ்விரட்டிப்பு காணப்படும். கீழச்சில் தகடு இறுகியிருக்க மேலச்சு மட்டும் நகர்ந்திருப்பின் ஒருபுறமே காணப்படும். மேற்பொறிப்பிலோ அடியுருவும் மேலுருவும் வெவ்வேறு அச்சுகளுக்கு உரியவை. முன்னர் அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அதன்மேல் அடுத்த தகடு அடிபடுவதும் உண்டு. அப்போது ஒரே உருவம் ஒருபுறம் புடைப்பாகவும் மறுபுறம் இடவலம் மாறிய குழிவாகவும் அமையும். இது ஐயத்திற்கு இடமில்லாத பிழை.

அச்சுத்திசையும் இங்குத் துணைபுரியும். முன்புற உருவை நிமிர்த்திப் பிடித்து, காசை இடவலமாகத் திருப்பி, பின்புற உருவின் தலை கடிகார முகத்தின் எம்மணியை நோக்குகின்றது எனக் குறித்தல் வழக்கம். இந்தோ-கிரேக்கக் காசுகளில் இது பெரும்பாலும் 12 மணியாகவே அமையும். ஆங்கு இரு அச்சுகளையும் ஒருநிலைப்படுத்தி அடித்தனர் என்க. அத்தகைய காசுகளுள் ஒன்று 4 மணியை நோக்குமாயின் அதனைப் பிறழ்வு எனலாம். கையில் தளர்வாகப் பிடித்த அச்சால் அடித்து, திசை ஒழுங்கே பேணாத அக்கசாலைக் காசினை அவ்வாறு கூறுதல் பொருந்தாது. விற்பனைப் பட்டியல்கள் விலை கருதி இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆய்வுப் பட்டியல்களும் அவ்வழிச் செல்வது வியப்பே. மேற்பொறிப்புக் காசுகளில் அடியுருவின் திசையையும் மேலுருவின் திசையையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். பழங்காசை இன்ன பக்கம், இன்ன திசை என நோக்காது அச்சிலிட்டிருப்பின் இரண்டற்கும் இடைப்பட்ட கோணம் காசுக்குக் காசு மாறும்.

இப்பகுப்பின் பயன் சிறிதன்று. புளுமாவியின் 19-ஆம் ஆட்சியாண்டைச் சார்ந்த நாசிக் கல்வெட்டு, கௌதமிபுத்திரன் ககராத மரபை வேரறுத்தான் என்று கூறுகின்றது. தோற்ற மன்னன் பெயரைச் சுட்டவில்லை. நகபானன் நாணயத்தின்மீது வென்றோன் அச்சு விழுந்திருப்பதைக் காட்டுவன இக்காசுகளே. எனினும் அப்போது நகபானன் உயிருடன் இருந்தான் என்பதற்கு மேற்பொறிப்பு மட்டும் சான்றாகாது. மறைந்த மன்னன் காசும் புழக்கத்தில் இருந்திருக்கலாம். புதையலை ஆராய்ந்த ஸ்காட், தலையுருவங்கள் வயதாலும் முக அமைப்பாலும் பெரிதும் வேறுபடுவதைச் சுட்டியுள்ளார். அவை ஒரே மன்னனின் நீண்ட ஆட்சியைக் காட்டுவனவா, அச்சு வெட்டிய கம்மியர் பலர் என்பதைக் காட்டுவனவா என்பதற்கு விடை காண, மேற்பொறிப்பின் அடியிலுள்ள முகங்களையும் அச்சுவாரியாகத் தொகுத்தல் வேண்டும். 'குழம்பியது' என ஒதுக்கப்பட்ட காசுகளில் அம்முகங்கள் இன்னும் எஞ்சியுள்ளன.