சூடேறிய குடம்: சக்கரத்தின் வரலாற்றில் பராமரிப்போர் எங்கே?

பொன்முடி ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கல்லாற்றுக்கு இறங்கும் சாலையில் 22 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. களப்பணியின்போது அந்த இறக்கத்தின் முடிவில் ஒரு கனரக லாரி நிற்கக் கண்டேன். நாகர்கோவிலைச் சேர்ந்த அதன் ஓட்டுநர் ஒவ்வொரு சக்கரமாகச் சென்று, அதன் நடுப்பகுதிக்கு அருகே புறங்கையைக் கொண்டுபோய் வெப்பம் பார்த்துக்கொண்டிருந்தார். "இறங்கி வந்தா எல்லாச் சக்கரமும் சூடாத்தானே இருக்கும், அண்ணாச்சி?" என்றேன். "எல்லாம் சூடா இருந்தா பயமில்ல. ஒண்ணு மட்டும் சூடா இருந்தாத்தான் பயம்" என்றார்.

அந்த விடைக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

இன்று பட்டறைகளில் 'ஹப்' எனப்படும் நடுப்பகுதிக்கு மாட்டுவண்டித் தச்சர் வழங்கிய பெயர் குடம். அச்சு, ஆரக்கால், வட்டை, கடையாணி என்பன அதன் சுற்றம். சக்கரம் பழுதாகும் என்ற முன்னுணர்வும் தமிழில் பழையதே. புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், பொகுட்டெழினியை உப்பு வணிகர் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். மாற்று அச்சைச் சுமந்து செல்வது அன்றே வழக்கமாக இருந்ததால்தான் அவ்வுவமை கேட்போருக்கு விளங்கியது.

மாட்டுவண்டியில் பழுது மறைவதில்லை. மை வற்றினால் குடம் கிறீச்சிடும். விளக்கெண்ணெயும் வைக்கோற்கரியும் சேர்ந்த வண்டி மையைப் பூசினால் அடங்கும். வேகமும் சுமையும் கூடியபோது ஒலிக்கு முன்பே வெப்பம் பேசத் தொடங்கியது. 1904இல் செங்கோட்டையையும் கொல்லத்தையும் மலைவழியே இணைத்த மீட்டர்கேஜ் பாதையின் காலத்தில், ரயில் பெட்டிகளின் அச்சுகள் எண்ணெயில் நனைந்த வெள்ளுலோகத் தாங்கிகளில் சுழன்றன. எண்ணெய் குறைந்தால் அச்சுப் பெட்டி கொதித்து, அச்சே முறியலாம். ஆகவே வண்டி நின்றதும் அச்சுப் பெட்டிகளைக் கையால் சோதிப்பது ரயில் தொழிலாளரின் அன்றாடக் கடமையாயிற்று.

அடுத்த மாற்றம் 1898இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. குதிரைவண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன், கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்குக்குக் காப்புரிமை பெற்றார். மேலிருந்து வரும் சுமையையும், வளைவுகளில் பக்கவாட்டில் தள்ளும் விசையையும் அது ஒருங்கே தாங்கியது. ஆனால் பழுது இப்போது மூடியிட்ட குடத்துக்குள் மறைந்துகொண்டது. ஒரு நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதே சக்கரத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதாயிற்று.

இத்தகைய இயந்திரங்களைப் பேணும் அறிவு திருவிதாங்கூரில் நிறுவனமாகத் திரண்ட ஆண்டு 1938. அவ்வாண்டு பிப்ரவரியில் அரசுப் போக்குவரத்துத் துறை தொடங்கியது. லண்டன் போக்குவரத்து வாரியத்தில் பணியாற்றிய சால்ட்டர் அதன் கண்காணிப்பாளரானார். 60 காமர் அடிச்சட்டங்கள் இறக்குமதியாகி, துறைத் தொழிலாளர்களின் கைகளால் பேருந்துகளாயின. தொடக்க வழித்தடம் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி. இத்துறையின் வரலாறு மன்னரையும் சால்ட்டரையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. குடத்தைக் கழற்றி மாட்டியவர்களை 'தொழிலாளர்கள்' என்ற ஒற்றைச் சொல்லில் அடக்கிவிடுகிறது.

அவர்கள் கையளித்த அறிவு எத்தகையது? நெடிய இறக்கத்தில் பிரேக் டிரம்மின் வெப்பம் எல்லாக் குடங்களுக்கும் பரவும். அது மட்டுமே நோயின் அறிகுறி ஆகாது. ஒரே அச்சின் இரு முனைகளை ஒப்பிடுவதே முதற்படி. ஒன்று மட்டும் கொதித்தால் சக்கரத்தை ஜாக்கியில் ஏற்றிக் கையால் சுழற்ற வேண்டும். உராய்ந்து நின்றால் பிரேக் விடுபடவில்லை என்று ஐயுறலாம், கரகரத்தால் பேரிங்கை. மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது முன்சக்கரம் ஆடினால், பிரேக்கை மிதித்து மீண்டும் ஆட்ட வேண்டும். ஆட்டம் நின்றால் குற்றம் பேரிங்கில், தொடர்ந்தால் கிங்பின்னில். குடத்தைத் திறந்தால் எஞ்சியது தெரியும்: நீலம் பாய்ந்த உருளை கடுஞ்சூட்டைக் காட்டும், பால்நிறக் கிரீஸ் நீர் புகுந்ததைக் காட்டும்.

சீர்செய்வதிலும் இதே நுட்பம் தேவை. தேய்ந்த பேரிங்கின் உள்வளையத்தையும் வெளிவளையத்தையும் இணையாகவே மாற்ற வேண்டும். சீல் புதிதாக இருக்க வேண்டும். கிரீஸ் உருளைகளுக்கிடையே முழுதும் ஏற வேண்டும். ஆனால் குடம் முழுவதையும் அடைத்துவிட்டால் அதுவே வெப்பத்தைக் கூட்டும். சக்கரத்தைச் சுழற்றியபடியே நட்டை இறுக்கிப் பின்னர் தளர்த்த வேண்டும். கனரக வாகனச் சக்கரங்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் இடைவெளி 0.001 முதல் 0.005 அங்குலம், ஏறக்குறைய ஒரு தலைமயிரின் தடிமன். அதனினும் இறுகினால் பேரிங் எரியும். மிகத் தளர்ந்தால் சக்கரமே கழன்று ஓடக்கூடும்.

இது வெறும் பட்டறைச் செய்தி அன்று. கனரக வாகனச் சக்கரங்கள் கழல்வதை ஆராய்ந்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 1992இல் வெளியிட்ட அறிக்கையில் பராமரிப்புக் குறைபாட்டையே முதன்மைக் காரணமாகச் சுட்டியது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம், கழன்ற சக்கரங்கள் உயிர்களைப் பறித்தபின், 1997இல் சட்டம் இயற்றி வாகனத்தின் உரிமையாளரையும் இயக்கும் நிறுவனத்தையும் பொறுப்பாக்கியது. 'உரிய கவனம் செலுத்தினோம்' என்ற வாதத்துக்கு அச்சட்டத்தில் இடமில்லை. பராமரிப்புக்கு நேரமும் பணமும் ஒதுக்கும் அதிகாரம் யாரிடம் உள்ளதோ, அவரிடமே பொறுப்பும் சேர வேண்டும் என்பதே அதன் உட்பொருள். நம் சூழலிலோ விபத்து நேர்ந்தவுடன் விரல்கள் முதலில் ஓட்டுநரை நோக்கியே நீள்கின்றன.

தொழில்நுட்ப வரலாறு கண்டுபிடிப்புகளின் வரலாறாகச் சுருங்கக் கூடாது. பயன்பாட்டுக்கும் பராமரிப்புக்கும் அதில் இடம் வேண்டும் என்று டேவிட் எட்ஜர்ட்டன் 2006இல் வாதிட்டார். தமிழில் அவ்வரலாற்றை எழுதுவதற்கான சான்றுகள் ஆவணக் காப்பகங்களைவிட மெக்கானிக்குகளின் நாவிலேயே மிகுதி. குடம் எப்போது ஹப் ஆயிற்று, மை எப்போது கிரீஸ் ஆயிற்று, சூட்டின் வகைகளைப் பிரித்துரைக்க எச்சொற்கள் வழங்கின என்பவற்றை அவர்களே சொல்ல முடியும்.

இதை வாசிப்போருள் எவருடைய தந்தையோ தாத்தாவோ பணிமனையில் உழைத்திருந்தால், அவர்களிடம் இச்சொற்களைக் கேட்டுப் பதிவுசெய்யுங்கள். அந்தத் தலைமுறை ஓய்வுபெற்றுக்கொண்டிருக்கிறது.