ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம்

1964 அக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய மலையக மக்களின் தொகையை ஏறத்தாழ 975,000 எனக் கொண்டது. அவருள் 525,000 பேரை இந்தியாவும் 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரின் நிலை பின்னர் ஆராயப்படுமென்றும் முடிவாயிற்று.

இத்தொகையைக் கணித நோக்கிற் காண்போம். 975,000 என்பது 75,000இன் 13 மடங்கு. அதன் கூறுகள் மூன்றும் முறையே 7, 4, 2 மடங்குகள். 1974இல் எஞ்சியோரும் சரிபாதியாக்கப்பட, இருநாட்டுப் பங்கு 8:5 ஆயிற்று. ஆட்களை எண்ணிப் பெற்ற தொகைகள் இவ்வாறு மீதியின்றி வகுபடுதல் அரிது. எனவே இக்கூறுகள் கணக்கெடுப்பில் அன்றிப் பேரத்தில் விளைந்தவை எனல் பொருந்தும்.

லிந்துலைத் தோட்டங்களிலே ஒருத்தி பறித்த கொழுந்து நாள்தோறும் நிறுக்கப்பட்டுப் பெயரெதிரே பதியப்பட்டது; அவள் எந்நாட்டவள் என்பதோ அவளைக் கேளாமலே ஆயிரக்கணக்கில் தீர்க்கப்பட்டது. ஏழுக்கு நான்கு என்ற விகிதம் லயத்துக் குடும்பங்களுள் நுழைந்தபோது, பெற்றோர் ஒரு பட்டியலிலும் பிள்ளைகள் மற்றொன்றிலும் அமைய நேர்ந்தது.

மக்களின் விருப்பம் அவ்விகிதத்துக்கு அடங்கவில்லை. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோர் 525,000ஐ எட்டவில்லை. 1984இல் தலைமன்னார்க் கப்பற்சேவையும் நின்றது. எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. தாளில் மீதியின்றி முடிந்த வகுத்தலின் மீதியைத் தீர்க்க முப்பத்தொன்பது ஆண்டுகள் சென்றன.