குரோம்பேட்டையும் பசித்த பாக்டீரியாவும்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினால், சானடோரியம் தாண்டியதும் குரோம்பேட்டை. பேரில் இருக்கிற அந்த 'குரோம்' என்னவென்று யோசித்ததுண்டா? தோல் பதனிடும் குரோமிய உப்புதான் அது. 1900களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைச் சோதித்துப் பார்த்தார். பிறகு பல்லாவரம் பக்கத்தில் சேம்பர்ஸ் என்பவரின் குரோம் லெதர் கம்பெனி வந்தது. கம்பெனியின் பேரே ஊருக்கும் ஒட்டிக்கொண்டது. அதுவரை நம்ம பக்கத்துத் தோலெல்லாம் ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் ஊறியதுதான்.

ஆனால் பதனிடுவது பின்னால் வரும் வேலை. அதற்கு முன்னாடி தோலிலிருந்து முடி போகணும், தோல் மெத்தென்று ஆகணும். பழைய காலத்தில் ஈரத்தோலைக் கதகதப்பான அறையில் போட்டுவைப்பார்கள். பாக்டீரியா பெருகி முடியின் வேர் தளரும். மெத்தென்று ஆக்க, ஐரோப்பாவில் நாய்க் கழிவைக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் தோலை ஊறவைத்தார்கள். ஆமாம், நாய்க் கழிவுதான்!

அது எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ந்தவர் நாட்டிங்ஹாம் தோல் ஆலைக்காரர் ஜோசப் டர்னி வுட். பாக்டீரியாவும் நொதிகளும் செய்யும் வேலை அது என்று காட்டினார். 1907-இல் ஜெர்மனியில் ஓட்டோ ரோம், விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியை அதே வேலைக்குக் கொண்டுவந்தார். நாய்க் கழிவு மெல்ல மெல்ல ஒழிந்தது.

சரி, பாக்டீரியா ஏன் இந்த நொதியை விடுகிறது? நமக்காக இல்லை, தன் சாப்பாட்டுக்காக. பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற மண் பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் தாராளமாகக் கிடைக்கும்வரை, புரதம் அறுக்கும் நொதியை அது பெரிதாகத் தயாரிப்பதில்லை. கோட்-ஒய் என்ற புரதம் செல்லுக்குள் லூசின், வேலின் போன்ற அமினோ அமிலங்களின் அளவைக் கவனித்து, தேவையில்லாத ஜீன்களை அடக்கி வைக்கிறது. சாப்பாடு தீர்ந்து வளர்ச்சி நிற்கும் நேரத்தில் பிடி தளர்கிறது. அப்போதுதான் புரோட்டியேஸ் வெளியே கொட்டுகிறது.

அதுக்காக முழுப் பட்டினி போட்டாலும் ஆகாது. நொதியே ஒரு புரதம்தானே, அதைக் கட்ட நைட்ரஜன் வேணும். அதனால்தான் தொழிற்சாலைகளில் சோயா மாவு மாதிரி மெதுவாகக் கரைந்து ஊட்டம் தரும் தீனியைப் போடுகிறார்கள். விருந்தும் இல்லை, பட்டினியும் இல்லை.

இதில் நம்ம ஊருக்கு என்ன லாபம்? இன்றைய வழக்கமான முறையில் முடியை நீக்குவது சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். முடி கூழாகக் கரைந்து கழிவுநீரில் சேர்கிறது. அந்த நீர் அமிலத்தோடு கலந்தால் ஆளைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு கிளம்பும். நொதி முறையில் வேர் மட்டும் தளர்வதால் முடி முழுசாக வெளியே வருகிறது, தனியாக அள்ளிவிடலாம். 1948-இல் அமைந்த அடையாறு மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் (சி.எல்.ஆர்.ஐ.) இதைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சி நடக்கிறது.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்கணும் என்றது. அன்றைய செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம் உட்பட ஐந்து மாவட்டத் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் சல்ஃபைடு ஏன் போகவில்லை? அது மலிவு. நொதிக்குக் காசு கூட. அதோடு நேரமோ சூடோ கொஞ்சம் மிஞ்சினால் தோலின் மேற்பரப்பே கெட்டுப்போகும். அதனால் மலிவான தீனியில் நிறைய நொதி தரும் பாக்டீரியா, கொலாஜனைத் தொடாத நொதி, இந்த இரண்டையும் தேடுகிறார்கள். கிடைத்தாலும் சுண்ணாம்பு, சல்ஃபைடு பிரச்சினைதான் குறையும். ஊர்ப் பேரில் உட்கார்ந்திருக்கும் குரோமியத்துக்கு வேறு வழி பார்க்கணும்.